விபத்து நடந்த இடம்

வீடா, வேலையிடமா?
தாதி பாரத்திலிருந்து தலை தூக்கவில்லை.
நகத்தைத் துளைத்து உள்ளே முறிந்த ஊசி
எக்ஸ்ரேயில் ஒரு சின்ன வெள்ளைக் கீறல்.
நான் யோசித்தேன்.
பின்னால் வரிசை நீளம்.
வீடு என்ற கட்டத்தில் அவளே சரி போட்டாள்.

ஜெலுத்தோங். பதினொன்றாம் மாடி.
அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே மெஷின்,
தவணை இன்னும் ஏழு மாதம்.
துகிலன் படுக்கும் பாயில்
நூற்றிருபது பள்ளிச் சட்டை, காலர் பாக்கி.
ஒதுக்கிவிட்டு ஓரமாய்ச் சுருண்டுகொள்வான்.
விடிந்தால் கன்னத்தில் பொத்தான் தடம்,
நாலு கண்ணோடு.

அன்றைக்குச் சட்டை ஒன்றில் ரத்தம் பட்டுவிட்டது.
உப்புப் போட்டுத் தேய்த்தும் பழுப்பு போகவில்லை.
ஆங் பதினான்கு வெள்ளி பிடித்தான்.
ஒரு சட்டைக்குக் கூலி எழுபது காசு.
இருபது சட்டை தைத்து
ஒரு சட்டை வாங்கியிருக்கிறேன்.
அதுவும் துகிலனுக்குப் பெரிசு.

லிப்ட் கெட்ட வாரம்
மூட்டை சுமந்து படியிறங்கினேன்.
ஏழாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றால்
அங்கே கமலவேணி, அவளும் மூட்டையோடு.
கீழிருந்து ஏறி வந்த கா ரோஹானா
தன் மூட்டையை எங்கள் மூட்டைமேல் சாய்த்தாள்.
எல்லாம் ஒரே நீலப் பை, ஒரே முடிச்சு.
எனக்கு எழுபது என்றேன்.
எண்பது என்றாள் கமலவேணி.
கா ரோஹானா விரலை மடக்கிக் காட்டினாள்:
அறுபத்தைந்து.
‘உனக்கு மட்டும்தான் இந்த விலை, வெளியே சொல்லாதே.’
மூன்று பேருக்கும் அதையே சொல்லியிருந்தான்.
முதலில் சிரிப்புதான் வந்தது.

பிறகு ஒரு பள்ளிக்கூட நோட்டு.
நூல், எண்ணெய், ஊசி, கரண்டு பில்.
மெஷின் ஓடத் தொடங்கும் நேரம், நிற்கும் நேரம்.
கழித்துப் பார்த்தால் மணிக்கு இரண்டு வெள்ளி முப்பது.
கமலவேணி மறுபடி கூட்டினாள்.
அதேதான்.

தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டார்கள்:
முதலாளி பெயர்? கம்பெனி முகவரி?
எங்களுக்குத் தெரிந்தது வேன் நம்பர்.
அதை எழுதிக் கொடுத்தோம்.
அந்த அதிகாரி வெகுநேரம் அதையே பார்த்தார்.

வெள்ளிக்கிழமை வேன் ஹாரன் அடித்தது.
பத்தொன்பது வீட்டிலும் ஆள் உண்டு,
ஒருவரும் இறங்கவில்லை.
ஐந்தாம் மாடியில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.
அவள் வீட்டு வாடகை இரண்டு மாதம் நிற்கிறது.
பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.
மறுபடி ஹாரன்.
என் கால் தானாகவே
மெஷின் மிதியைத் தேடியது.

லிப்ட் சரியாகியிருந்தது போல.
கதவு திறக்கும் சத்தம்.
நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஆங்
என் வாசலில் நின்றான்.
உள்ளே எட்டிப் பார்த்தான்:
பாய், சட்டைகள், அடுப்பில் குழம்பு,
சுவரில் நாங்கள் ஒட்டிய தாள்.
ஒரே விலை. நூல் அவனுடையது.
காயம் பட்டால் செலவும் அவனுடையது.

குனிந்து சப்பாத்துக் கயிற்றில் கை வைத்து
கழற்றட்டுமா என்றான்.

வேண்டாம், அப்படியே வாங்க.
இது வேலையிடம்.

வந்தான்.
உட்கார இடம் தேடினான்.
வீட்டில் நாற்காலி ஒன்றுதான்,
மெஷினுக்கு முன்னால்.