இரண்டு ஓம்

ருஸ்தாவியில் பனி சேறாகிவிட்ட காலை.
ஜும்பேரின் மின்சார டாக்சி பட்டறை வாசலில்.
முகப்பில் ஒரு சிவப்பு மனிதன்,
நெஞ்சுக்கு முன்னால் ஓர் உருண்டையோடு
அணைய மறுத்து உட்கார்ந்திருக்கிறான்.

"ஆறு நாளாக இப்படித்தான், மக்வாலா.
வண்டி ஓடுகிறது. இவன்தான் ஓயமாட்டேன் என்கிறான்.
இவனை மட்டும் அணைத்துக் கொடு."

கருவியைச் செருகுகிறேன்.
ஓட்டுநர் ஏர்பேக், முதல் கட்டம், மின்தடை மிக அதிகம்.
ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் நாடா அறுந்திருக்கும்,
எண்பது லாரி என்று மனசு கணக்குப் போடுகிறது.

ஆரஞ்சு ஒயர் தொட்டவனுக்கு
இரண்டாம் யோசனைக்கு இடம் தராது.
மஞ்சள் ஒயர் மருந்துக்குப் போகிறது.
அதில் மீட்டரை வைத்து அளக்கக் கூடாது,
கேள்வியையே கட்டளையாக எடுத்துக்கொண்டு வெடித்துவிடலாம்.

சின்ன பேட்டரியைக் கழற்றி
ஆரஞ்சுப் பூட்டை உருவி என் பையில் போட்டுக்கொண்டு
பத்து நிமிடம் சும்மா இருக்கிறோம்.
பெட்டிக்குள் எஞ்சிய மின்சாரம் தானாக வடிய வேண்டும்.
ஜும்பேர் சூரியகாந்தி விதை கொறிக்கிறான்.
போத்தித் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கியதாம்,
அமெரிக்காவில் எங்கோ மூக்கு நசுங்கி.
இங்கே புது மூக்கு வைத்தார்களாம்.
"நாலு வருஷம். ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர்.
ஒருநாள் கூட இந்த விளக்கு எரிந்ததில்லை."

ஒருநாள் கூடவா?
பொத்தானை அழுத்தியதும் ஆறு நொடி எரிந்து அணையுமே?
"ஆமாம், அது எரியும். அணைந்துவிடும். நல்ல பிள்ளை."

ஸ்டீயரிங் மூடியைப் பெயர்க்கிறேன்.
உள்ளே
ஏர்பேக் இல்லை.
கடகடக்காமல் இருக்க மடித்துத் திணித்த ஒரு துண்டு,
நீலப் பூப்போட்டது.
மஞ்சள் கனெக்டரின் இரு கால்களுக்கு நடுவே
அரிசி அளவு ரெசிஸ்டர். இரண்டு ஓம்.
எல்லாம் சரியாக இருக்கிறது என்று
கணினியிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்க
அது போதும்.

பச்சை உறை. சாய்வாக வெட்டிய முனை.
ஒயரை எதிர்ப்பக்கமாக முறுக்கியிருக்கிறது.
இந்த ஊர்ப் பட்டறைகளில் இடதுகைக்காரி
நான் ஒருத்திதான்.

கோச்சாவின் தகரக்கொட்டகை. ஆறு வருஷம் முன்பு.
அவன் பெட்டியிலிருந்து விபத்தின் நினைவை அழிப்பான்,
நான் ஈயம் வைத்து, ஊதி, உறை மாட்டி, அடுத்தது.
வண்டிக்கு நாற்பது லாரி.
நூற்றெழுபது வரை எண்ணினேன்.
பிறகு எண்ணவில்லை.

இந்தக் குளிரில் என் ஈயம் விரிசல் விட்டிருக்கிறது.
பொய் கழன்ற பிறகுதான்
விளக்கு வாயைத் திறந்திருக்கிறது.

ஜும்பேர் குனிந்து பார்க்கிறான்.
காலிக் குழியையும் தன் நெஞ்சையும்
மாறி மாறிப் பார்க்கிறான்.
நடுவே ஒரு முழங்கை தூரம் கூட இல்லை.
"எந்த நாய் செய்தது?"

சந்தையில் ஆயிரம் பட்டறை.
சொல்ல ஆயிரம் பெயர் இருந்தது.

"நான்தான்."

அவன் கத்தவில்லை.
வாயிலிருந்த தோலை உள்ளங்கையில் துப்பி
அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
"நேற்று பின்சீட்டில் ஒரு நிறைமாதக்காரி.
குதாயிசி வரை போனோம்" என்றான், சம்பந்தமில்லாமல்.
பஸ்ஸில் வீட்டுக்குப் போனான்.

புது ஏர்பேக் வர மூன்று வாரம்.
பணம் என்னுடையது; அதைப் பற்றிப் பேச்சில்லை.
மாட்டினேன். பெல்ட்டின் இழுப்பானையும் மாற்றினேன்.
பூட்டு, பேட்டரி, எல்லாம் திரும்ப அதனதன் இடத்தில்.
சிவப்பு மனிதன் எரிந்தான்.
ஆறு நொடி. அணைந்தான்.

"இன்னொரு முறை" என்றான் ஜும்பேர்.
அழுத்தினேன். எரிந்தது, அணைந்தது.
"இன்னொரு முறை."
மெய்யும் பொய்யும் ஒரே மாதிரிதான் அணைகின்றன,
என்ன செய்வது?
மூடியைக் கழற்றி உள்ளே காட்டினேன்.
அப்புறம்தான் சாவியை வாங்கிக்கொண்டான்.

இப்போது சிக்னலில் நிற்கும்போதெல்லாம்
பக்கத்து வண்டிக் கண்ணாடி வழியே எட்டிப் பார்க்கிறேன்.
சிலர் முறைக்கிறார்கள்.
நூற்றெழுபதுக்கு மேல்.
எதிலும் விளக்கு எரியவில்லை.