கட்டங்களை எண்ணுகிறவள்

புதன்கிழமைகளில்
மண்டபம் ஆரம்ப சுகாதார நிலையத்தில்
என் வேலை புண்களை வரைவது.

கண்ணாடித்தாளைப் பாதத்தின் மேல் விரித்து
கறுப்பு மையால் ஓரத்தைச் சுற்றி வருவேன்.
பிறகு கட்டம்போட்ட தாளில் அதை வைத்து
உள்ளே விழுகிறவற்றை எண்ணுவேன்.
பாதிக்கு மேல் விழுந்தால் ஒன்று,
பாதிக்குக் கீழ் என்றால் இல்லை.
நம்புத்தாய், இடது குதிகால்:
அறுபத்து மூன்று.

தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
"குருசடைத் தீவு மாதிரியில்ல இருக்கு" என்றாள்.
"இங்கன வத்தையைக் கட்டலாம், இங்கன பாறை,
இந்த மூலையிலதான் கடல்முள்ளி."

அந்த முள்ளிதான் ஏறியது.
ஏறியது அவளுக்குத் தெரியாது.
கால் நரம்பைச் சர்க்கரை தின்றிருந்தது.
பதினோரு நாள் முள்ளோடு நடந்திருக்கிறாள்,
நீரிலும், சுடுமணலிலும்,
ரேஷன் கடை வரிசையிலும்.

நான் படித்தது இது:
காயம் பட்டதும் உடம்பு தீ மூட்டுகிறது.
வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன,
கிருமியைத் தின்கின்றன, அழுகியதை எரிக்கின்றன.
நாலாம் நாள், ஐந்தாம் நாள்
போதும் என்று ஒரு சேதி வர வேண்டும்.
வந்தால், இடித்த கைகளே கட்டத் தொடங்கும்.
அவள் காலில் அந்தச் சேதி வரவில்லை.
தீ அணைந்த பிறகும்
ஓலைக்கூரையைப் பிய்த்துக்கொண்டே இருக்கும் ஆட்கள்,
எட்டு மாதமாக.

கட்டுரையில் அழற்சி என்று எழுதுகிறோம்.
உள்ளே அழல் கிடக்கிறது.
நோயாளியிடம் ஆறிடும் என்கிறோம்.
கஞ்சி ஆறும், கோபம் ஆறும், புண்ணும் ஆறும்.
ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில் யாரோ
கொதித்த சட்டியையும் வீங்கிய காலையும்
ஒரே புறங்கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் களிம்பு கட்டக்கோரைப் பாசியில் செய்தது.
கேட்டதும் சிரித்தாள்.
"நான் பிடுங்குன பாசிய எனக்கே தடவுறியா?
கிலோ என்னன்னு வாங்குன?"
சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
பாதிப் பேருக்குப் பாசி, பாதிப் பேருக்கு வெறும் கூழ்,
எந்தக் குழாயில் எது என்று எனக்கும் தெரியாது.
"அப்ப ரெண்டு பேருக்கும் கண்ணக் கட்டியாச்சு."
ஒப்புதல் படிவத்தில் பெயரை முழுசாக எழுதினாள்,
ஒற்றெழுத்தைக்கூட விடாமல்.

ஐம்பத்தெட்டு.
நாற்பத்தொன்று.
நாற்பது.

அமாவாசை வாரம் அவள் வரவில்லை.
நீர் வற்றும் வாரம், பாசி வாரம்.
'தொடர்பு விட்டவர்' என்று படிவத்தில் ஓர் இடம் உண்டு.
அதில் டிக் போடாமல்
சின்னப்பாலத்துக்குப் பஸ் ஏறினேன்.

கடலிலிருந்து ஏறி வந்தாள்,
விரல்களில் ரப்பர் சுற்றி, காலில் டயர் செருப்பு,
செருப்புக்குள் நான் போட்ட கட்டு, உப்பில் ஊறி.
கவிழ்த்த வத்தையில் உட்கார வைத்து வரைந்தேன்.
காற்று தாளைப் பிடுங்கியது.
ஐம்பத்திரண்டு.
நான் திட்டவில்லை.
அவளுடைய ஒரு நாள் வருமானத்துக்கு
எங்கள் பட்ஜெட்டில் தலைப்பு கிடையாது.

மார்ச்சில் மதுரையில் குறியீட்டைத் திறந்தார்கள்.
களிம்புக்கும் கூழுக்கும் இடையே
தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய வித்தியாசம்.
இரண்டு பக்கமும் புண்கள் சுருங்கியிருந்தன.
"வாராவாரம் கழுவி, செத்த தோலை வெட்டி,
காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னதே
மருந்தாப் போச்சு" என்றார் பேராசிரியர்,
திருட்டுக் கொடுத்தவர் குரலில்.

நம்புத்தாய்க்கு வெறும் கூழ்.
சொன்னபோது அவள் கேட்டது ஒன்றுதான்:
"மிச்சம் இருக்கா?"

கடைசித் தாளில் நான்கு கட்டங்கள்.
ஒன்று சரிபாதியில் நிற்கிறது.
மூன்று என்றும் எழுதலாம்.
விதியில் இதற்கு வழி சொல்லவில்லை.
பேனாவை மூடாமல் நாட்காட்டியைப் பார்க்கிறேன்:
அடுத்த புதன் அமாவாசை.