ஐம்பத்தாறாம் நாள்

திங்கட்கிழமை அஞ்சலாட்சியின் மூன்று சக்கர வண்டி
சேதராப்பட்டு வளைவில் திரும்பும்போதே
சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன்,
சனி ஞாயிறு புதுச்சேரிக்கு
எத்தனை பேர் வந்து போனார்களென்று.

பச்சை தனி, பழுப்பு தனி, வெள்ளை தனி.
ஊறவைத்து லேபிள் உரிப்பது என் வேலை.
பலகையில் ஆய்வகம் என்றிருக்கிறது,
சம்பளப் பதிவேட்டில் எடுபிடி என்றிருக்கிறது.
புளித்த வாடை நகக்கண்ணை விட்டுப் போவதில்லை.
சோறு போட வந்தவள் என் கையை மோந்து பார்த்து
"நீயுமா?" என்றாள் ஒருநாள்.

முதல் கலவையில் அவசரப்பட்டோம்.
மணலுக்குப் பதில் கடுகளவு சில்லு.
ஆராய்ச்சி மதலேனுடையது. அறுத்த முகத்தில்
பச்சைப் பச்சையாய் நண்டுக் கண்கள்.
"அழகாயிருக்கு இல்ல?" என்றாள்.
அழகாகத்தான் இருந்தது.

கொதிக்கும் காரநீரில் கிடந்த சட்டங்கள்
பதினாலாம் நாள் வீங்கியிருந்தன.
மயிரிழை வெடிப்பு. வெடிப்புக்குள் பிசுபிசுப்பு.
மதலேன் விளக்கினாள்:
சிமெண்டின் காரம் கண்ணாடியைத் தின்னும்,
தின்ற இடம் கூழாகும்,
கூழ் தண்ணீர் குடிக்கும்,
குடித்துக் குடித்து ஊதும்,
ஊதி, தானிருக்கும் வீட்டையே பிளக்கும்.

"எங்க தெருவுல நடக்குறதுதான் இது"
என்றாள் அஞ்சலாட்சி,
காலிச் சாக்கை உதறிக்கொண்டே.

பிறகு அரைத்தோம்.
இரும்பு உருளை, எஃகுக் குண்டுகள், இரவெல்லாம் உருட்டல்.
பக்கத்து பிளாஸ்டிக் கம்பெனி வாட்ச்மேன்
தூக்கம் போச்சென்று எழுதியே கொடுத்துவிட்டார்.
காலையில் மூடியைத் திறந்தால்
திருநீறுபோல ஒரு பொடி.
விரலிடுக்கில் தேய்த்தேன், கீறவில்லை.
எது பீர், எது பிராந்தி,
எது காய்ச்சலுக்கு வாங்கிய மருந்துச் சீசா?
ஒன்றும் சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே வெளுப்பு.

ஐந்தில் ஒரு பங்கு சிமெண்டை எடுத்துவிட்டு
இதைப் போட்டோம்.
இவ்வளவு நுணுக்கமாகிவிட்டால்
அதே காரம் தின்றாலும் பிளக்காதாம், பிணைக்குமாம்.
கரும்பலகை நிறைய எழுதினாள் மதலேன்.
எனக்குப் பாதி புரிந்தது.

ஏழாம் நாள் அழுத்தினோம்.
வழக்கமான கட்டி இருபத்தொன்று,
எங்கள் கட்டி பதினாறு.
கான்ட்ராக்டர் தனகோட்டி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு
செருப்பை மாட்டினார்.
இருபத்தெட்டாம் நாள் கிட்டே வந்தது, தொடவில்லை.

ஐம்பத்தாறாம் நாளை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை.
மதலேன் ஊருக்குப் போயிருந்தாள்.
தொட்டியிலிருந்து மூன்றாவது கட்டியைத் தூக்கினேன்,
குளிப்பாட்டிய பிள்ளையைப்போல் துடைத்தேன்,
எந்திரத்தின் வாயில் வைத்தேன்.
முள் ஏறியது. அறுநூறு. அறுநூற்று எழுபது.
வழக்கமான கட்டி விட்டுக்கொடுத்த இடம் அது.
எழுநூறிலும் வாயைத் திறக்கவில்லை.
எழுநூற்று முப்பதில் ஒரு வெடிச்சத்தம்.
நாய் எழுந்து ஓடியது.
தட்டில் நின்றது இடை சிறுத்த உடுக்கை,
உடைய வேண்டிய வடிவில் ஒழுங்காக உடைந்து.

தனியாக இருந்தேன். போனில் அஞ்சலாட்சியைத்தான் கூப்பிட்டேன்.
"உடைஞ்சிடுச்சா?" என்று பதறினாள்.
உடைந்ததுதான் நல்ல சேதி என்று
அவளுக்கு எப்படிச் சொல்வது!

முதல் ஆர்டர் ஆயிரத்து இருநூறு கல்,
அரியாங்குப்பம் சாலையில்
ஒரு ஒயின்ஷாப்பின் வண்டி நிறுத்துமிடத்துக்கு.

அந்த ஆற்றங்கரையில் மழை விட்டதும்
மண்ணில் இன்றும் கண்ணாடி மணி மின்னும் என்பார்கள்.
கடல் தாண்டிப் போக உருக்கியதில் மிச்சம்.
எங்கள் கல் மின்னாது.
சாம்பல் நிறம். பார்த்தால் வெறும் கல்.

பதித்த மறுவாரம் மட்டம் பார்க்கப் போனேன்.
ஒருவர் நின்று ஆடிக்கொண்டிருந்தார்,
காலடியில் கல் ஆடவில்லை.
குறித்துக்கொண்டேன்.

சாக்கோடு அஞ்சலாட்சி வந்தாள்.
சுவரோரம் கிடந்த புட்டியை எடுத்தாள்,
வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள்,
அடியில் கொஞ்சம் இருந்தது.
கல்லின் மேல் கவிழ்த்தாள்.
"இந்தா, உன் பங்கு."

கறுத்தது ஒரு வட்டம்.
நாங்கள் பேசி முடிப்பதற்குள்
காய்ந்துவிட்டது.