மூன்றாவது படி

மல்லேஸ்வரத்தில் எங்கள் கூடம்.
ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஷரணப்பாவின் கூடம்.
மொட்டை மாடியில் ஏறினால்
அவர்கள் தண்ணீர்த் தொட்டியில் காக்கை உட்காருவது தெரியும்.

தொண்ணூற்றிரண்டு, ஆகஸ்ட், இரவுப் பணி.
‘சாப்டாச்சா’ என்று ஒற்றை வரி அனுப்பினேன்.
போகிற வழியைக் காட்டச் சொன்னதும்
பச்சை எழுத்து படிப்படியாக இறங்கிற்று:

ஒன்று, எங்கள் வாசல்.
இரண்டு, பம்பாய்.
மூன்று, வர்ஜீனியா.
நான்கு, வெறும் மூன்று நட்சத்திரம்,
பேர் சொல்ல மனமில்லாத யாரோ.
ஐந்து, ஆம்ஸ்டர்டாம்.
ஆறு, திரும்பவும் வர்ஜீனியா,
குடையை மறந்து வைத்துவிட்டவன்போல.
எண்ணுவதை விட்டுவிட்டு
சைக்கிளை எடுத்தேன்.

கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி. சிமெண்ட் வாசனை.
ஐம்பத்தெட்டுப் பெட்டி.
நான் போய்ச் சேர்ந்தபோது
ஷரணப்பா திரையைக் காட்டினான்:
‘இப்பத்தான் வந்துது. பதிலும் போட்டாச்சு.’
ஊட்டா ஆய்த்தா.
அந்தப் பதில் வேறு வழியாகப் போயிருந்தது,
வந்த பாதையின் ஒரு கல்லைக்கூட மிதிக்காமல்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறதே என்று
பம்பாய்க்கு எஸ்டிடி போட்டேன்.
அங்கே கேட்வேயைப் பார்த்துக்கொள்ளும் மெஹெர்னோஷ்
அட்டவணையை வரிவரியாகப் படித்தார்.
பக்கத்து வாசல் சொன்னதை நம்பி இது,
அதற்குப் பக்கத்து வாசல் சொன்னதை நம்பி அது.
யாரும் பொய் சொல்லவில்லை என்றார்.
அதுதான் சிக்கல் என்றார்.
மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, வைத்துவிட்டேன்.

பாதைக்கு மேலே ஒரு கம்பி இழுத்தால் போதும்.
அறுநூறு மீட்டர், இரண்டு கம்பம்.
ஷரணப்பா கையெழுத்திட்ட கோப்பு
டிவிஷன் ஆபீஸ் போயிற்று,
மதராஸ் போயிற்று, டெல்லி போயிற்று,
அங்கே ஏதோ ஒரு மேசையில் மூன்று நட்சத்திரம்,
மறுபடி மதராஸ்.
பதினான்கு மாதம் கழித்து
அவன் பேருக்கே வந்து நின்றது:
ஆட்சேபணை இல்லை.

அவன் ஜூனிலேயே விமானம் ஏறிவிட்டான்.
கோப்பை அவன் மேசையில் வைத்தேன்.
புதிதாக வந்த பெண் அதன்மேல் டீ டம்ளரை வைத்தாள்.

அன்றிரவு ‘சாப்டாச்சா’ என்று அனுப்பிவிட்டு
வழியைக் காட்டச் சொன்னேன்.
ஒன்று, எங்கள் வாசல்.
இரண்டு, பம்பாய்.
மூன்று, வர்ஜீனியா.
அவ்வளவுதான். சேர்ந்துவிட்டது.

அங்கே மத்தியானம்.
‘இன்னூ இல்லா’ என்று
நான் கையை எடுப்பதற்குள் பதில்.