கங்கூ வண்டி

எங்கள் ஊர்த் தேவாலயச் சுவரில்
நனைந்த கருங்கல்லில் நிற்கிறான் அன்கூ.
அகன்ற தொப்பி, எலும்புத் தோள்,
அலகை வெளிப்பக்கம் திருப்பிய அரிவாள்.
பிரெத்தாஞ்சின் இந்த மூலையில்
ஆண்டின் கடைசிப் பிணம் யாரோ
அவர்தான் அடுத்த ஆண்டு முழுக்கச் சாவு.
எருமை இல்லை. ஓலை இல்லை.
கணக்குப் பார்க்கச் சித்திரகுப்தன் இல்லை.
ஒரே ஆள், ஒரு வண்டி, இரவு வேலை.

டிசம்பர் முப்பத்தொன்று, பதினொன்று நாற்பதுக்குத்
தவநேசன் போனான்.
கரவெட்டிக்காரன், நாற்பத்தாறு வயது,
இந்தப் பங்கில் பாண் வண்டி ஓட்டியவன்.
நள்ளிரவு மணி அடிக்கும்வரை
வேறொருவரும் சாகவில்லை.
மதுக்கடையில் விசாரித்து உறுதிப்படுத்தினார்கள்.

"அப்படியென்றால் இந்த வருஷம் உங்கள் ஆள்"
என்றாள் சுவாசிக்,
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி.
(அவள் பெயரைத் தமிழில் எழுதினால்
மூச்சு விடச் சொல்ல வந்து
பாதியில் நின்றதுபோல் இருக்கும்.)
நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

செத்தும் இரவு வேலையா அவனுக்கு?

ஜனவரியில் யாரும் சாகவில்லை.
பெப்ரவரியிலும்.
"விலாசம் தேடுகிறான்" என்றேன்.
இங்கே பாதி வீடுகள் கெர் என்று தொடங்கும்.
உயிரோடு இருந்தபோதே
கெர்வேன் வீட்டுப் பாணைக்
கெர்வெலன் வாசலில் வைத்துவிட்டு வந்தவன்.
மார்ச்சில் தபால்காரரைத் தேடி வந்து
அவர் நாயை ஏற்றிக்கொண்டு போனான்.

பிறகு பாதை பிடிபட்டுவிட்டது.
கிழமைக்கு ஒன்று.
சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள்,
மரச்சில்லின் முனகல் அல்ல,
வெள்ளைக் கங்கூவின் பின்கதவு,
எண்ணெய் விடு, விடு என்று
ஆறு வருஷம் நான் கத்திய கதவு.
கங்கூ, அன்கூ.
சுவாசிக்குக்கூட அன்று சிரிப்பு வந்தது.
சிரித்து முடித்து வயிற்றைப் பிடித்தாள்.

கணையத்தில் கட்டி என்று ஜூலையில் சொன்னார்கள்.
"பிரெஞ்சில் அவனுக்கு எண்கள் மட்டும்தானே தெரியும்.
வந்தால் நான் என்ன சொல்ல?
ஒரு வாக்கியம் தா."

நில் என்றால் அதிகாரம்.
போ என்றால் கோபிப்பான்.
வா என்று சொல்லித்தர என் வாய் வரவில்லை.
கடைசியில் கொடுத்தேன்:
"இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."
சலவைச் சீட்டின் பின்புறம் எழுதிவைத்தாள்.
தலையணை உறைகளை மடித்து மடித்துப் பழகினாள்,
றகரத்தைத் தொண்டையில் உருட்டி.

ஒக்டோபரில் ஒரு காலை
அவள் கட்டிலருகே இரண்டு கோப்பைகள்,
இரண்டும் காலி.
"மூன்று சீனி போட்டான்" என்றாள்.
அவன் சீனிக் கணக்கை
நான் அவளிடம் சொன்னதே இல்லை.

"களைத்துப்போனான், பாவம்.
வருஷக் கடைசிவரை தாங்கினால்
வண்டியை நான் வாங்கிக்கொள்வேன்.
எனக்கு எல்லாக் கெர்களும் தெரியும்."

டிசம்பர் இருபத்தெட்டு விடியற்காலை
வாக்கியத்தைச் சொல்லாமலே அவனோடு போனாள்.
செத்தவீட்டில் 'போயிட்டு வாறன்' சொல்லக்கூடாது.
எதுவும் சொல்லாமல் வெளியே வந்தேன்.
மழை சாய்ந்து பெய்தது.

பிறகு மூன்று இரவுகள்
ஊரில் யார் இருமினாலும் எனக்குப் பதறியது.
கெர்மோர்வன் வீட்டுக்காரருக்குச் சளி என்றார்கள்.
பிள்ளையாருக்கு நேர்ந்தேன்,
அவருக்காக அல்ல,
அவள் இடத்தை யாரும் பிடித்துவிடக்கூடாதென்று.

முப்பத்தொன்று இரவு தேவாலயத் திருப்பத்தில்
குடையில்லாமல் நின்றேன்.
பின்கதவின் கிறீச்சு வந்தது, கிட்ட வந்தது,
மணியின் முதலாம் அடியோடு நின்றது.
யாரோ இறங்கினார்கள். யாரோ ஏறினார்கள்.
வண்டி மறுபடி கிளம்பியபோது
கதவில் சத்தமே இல்லை.
எண்ணெய் விட்டிருந்தாள்.

கம்பளித் தொப்பி ஒன்று
இருட்டில் கடலை நோக்கி நடந்தது.
பழக்கதோஷம், கை தூக்கி,
"போயிட்டு வாங்கோ" என்றேன்.

நாக்கைக் கடித்தேன்.
இன்னும் வலிக்கிறது.