சிவப்பு நூல்

குப்பனூரில் மே மாதத்துக்கு ஒரு சத்தம் உண்டு.
நாற்பத்தாறு அலகுகள் திறந்தபடி
காற்றைக் கொத்திக் கொத்திப் பார்க்கும் சத்தம்.

நேற்றுக் கோடைமழை. ஆறவில்லை.
இட்லிக் குண்டானைத் திறந்தாற்போல
மண் விட்ட ஆவி கொட்டகைக்குள் நின்றது.
தரையில் பரப்பிய கடலைத் தொலியை அள்ளிப் பிடித்தேன்,
உருண்டையாக நின்றது. கண்ணில் காரம்.
ராத்திரியோடு ராத்திரியாக அத்தனையையும் வாரிக் கொட்டினேன்.
பழி வெயிலுக்கு,
கொல்வது ஈரம்.

அண்ணாந்தால் மலைமேல் மேகம்.
ஒரு மினிபஸ் டிக்கெட் தூரத்தில், ஏற்காட்டில்,
யாரோ ஸ்வெட்டருக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

தீனியை விடியற்காலை நாலரைக்கே இறைத்துவிடுவேன்.
மத்தியானம் எதுவும் இல்லை;
செரிப்பதும் ஓர் அடுப்புதான்.
மண்பானைத் தண்ணீரில் வெல்லம், நசுக்கிய சின்ன வெங்காயம்.
ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம், காற்று வீசினால்.
வீசாத நாளில் அது இன்னொரு சுவர்.

"அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் ஒன்றேகால் கிலோவா?
பிராய்லர் நாப்பது நாள்ல ரெண்டு கிலோ வருதே"
என்பார் தராசோடு வரும் அர்த்தநாரி.
வரும்.
போன வியாழன் கரண்ட் போன ஒன்றரை மணி நேரத்தில்
பக்கத்துக் கொட்டகையிலிருந்து முந்நூறு போயின,
டிராக்டரில், குழிக்கு.
நான் ஒன்றும் சொல்லவில்லை. சுண்ணாம்பு மூட்டை கொடுத்தேன்.
எனக்கும் ஒன்பது செத்திருக்கின்றன,
நோட்டில் இருக்கிறது: தேதி, எடை, இறகின் நிறம்.
கனத்த பெருவிடைகள்தான் முதலில்.
ஆசையாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த மார்பே
அதற்குப் போர்வையாகிவிடுகிறது.

ஆடிக்குக் குகையில் முப்பது உருப்படி தரவேண்டும்.
வண்டி வேடிக்கைக்கு வரும் சொந்தங்களுக்குக் குழம்பு.
முன்பணம் மகளின் ஹாஸ்டலுக்குப் போய்விட்டது.
அறுப்பதில் எனக்குச் சங்கடமில்லை,
எதை அறுக்காமல் விடுவது என்பதில்தான்.

அதனால் இரண்டு மணிக்குப் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு
நானும் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்,
கையில் சிவப்பு நூல்கண்டு.

கீரிச் சேவல் பானையடி மண்ணைப் பறித்து
வயிற்றை அதில் வைத்துக்கொண்டது. ஒரு நூல்.
வேலியோரம் நிழல் நகர நகர
தானும் நகரும் செவலைப் பெட்டைக்கு ஒன்று.
கழுத்தில் இறகே இல்லாத அந்தக் குட்டைப் பெட்டை,
பார்க்க லட்சணமில்லை,
பேரே கழுத்தறுத்தான்.
இந்த ஆடியில் அதற்கு அறுப்பு இல்லை.

அர்த்தநாரியின் கை நேராக இவற்றுக்குத்தான் வரும்.
அவருக்கும் கண் இருக்கிறது.
கிலோவுக்கு நூறு கூடச் சொல்வார்.
நானும் ஒரு நிமிஷம் யோசிப்பேன், பொய் சொல்வானேன்.

மணி மூன்று.
கொட்டகை முழுக்க அந்தச் சத்தம்.
நூல் கட்டிய கால் மண்ணுக்குள்.
கழுத்தறுத்தான் என்னையே பார்க்கிறது,
அலகை மூடிக்கொண்டு.