தோற்றவர் படிக்கும் பட்டியல்

போன தேர்தல் வரை
என்னிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது.
காலை ஆறு மணிக்கு,
உட்லண்ட்ஸ் பேருந்து முனையத்தின் மாடியறையில்
எல்லார் முன்னாலும் அதைக் கவிழ்ப்பேன்.
ஒரு முறை கரப்பான் விழுந்தது;
செல்லாத ஓட்டு என்றார் யாரோ.
பிறகு பூட்டு, அரக்கு, நான்கு கையெழுத்து.
காலியைக் கண்ணால் பார்த்தவர்கள்
மாலையில் நிறைந்ததையும் நம்பினார்கள்.

இந்த முறை
ஓட்டுநர் கூட்டுறவுச் சங்கத் தேர்தல்
கைத்தொலைபேசியில்.

சர்வரை எந்தப் பக்கம் கவிழ்ப்பது?

விடிகாலை நாலரைக்கு ஸைனுடின் அழைத்தார்,
கடற்பாலத்து நெரிசலில், மோட்டார் சைக்கிளில் இருந்தபடி:
"பாதியில சிக்னல் போயிட்டா
என் ஓட்டு ஜொகூர்ல நிக்குமா, சிங்கப்பூர்ல நிக்குமா?"

ஆரோக்கியமேரி
ஓய்வறை காலியாகும் வரை காத்திருந்து வந்தார்:
"மேற்பார்வையாளர் முதுகுக்குப் பின்னால நின்னா?"
நிற்கட்டும். அவர் சொல்வதையே அழுத்துங்கள்.
வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு
திரும்பப் போடுங்கள்.
கடைசியாகப் போட்டதுதான் கணக்கு.
அவர் முகத்தில் அப்போது வந்த கள்ளச் சிரிப்பை
எந்த விதிமுறையிலும் எழுத முடியாது.

ரசீது உண்டா என்றார் டான் கிம் ஹோ.
உண்டு, எட்டு எழுத்துக் குறியீடு.
சேர்ந்தது என்று சொல்லும்;
யாருக்கு என்று சொல்லாது.
காட்டிக் காசு வாங்க முடியாத ரசீது.
"அப்போ அது என்ன ரசீது?"
கோப்பியை ஆற்றியபடி அவர் கேட்டது
மூன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

முடிவு: இருநூற்றுப் பதினொன்று,
இருநூற்று எட்டு.

வென்றவர் ஒன்றும் கேட்கவில்லை.
வென்றவர்கள் கேட்பதில்லை.
இரவு பத்தரைக்கு, கடைசிச் சுற்று முடித்து,
சீருடையோடு வந்து நின்றார் குணசீலன்.
"மூணு ஓட்டும்மா. காட்டுங்க."

அவருக்காகத்தான் இத்தனையும் என்று
அந்த நொடியில்தான் எனக்கே விளங்கியது.

சுவரில் ஒட்டியிருந்தது பட்டியல்:
நானூற்றுப் பத்தொன்பது குறியீடுகள்.
வாக்களித்தவர் பெயரேட்டிலும் அதே எண்ணிக்கை.
பெட்டகத்துக்கு மூன்று சாவி, மூன்று பேரிடம்;
ஒன்று உங்கள் மைத்துனரிடம்.
சேர்ந்து திருப்பினால்தான் திறக்கும்.

"அமுக்கினது ஒண்ணு, உள்ள போனது ஒண்ணுன்னா?"

தேக்கா சந்தையில் தேங்காய் வாங்குகிறவர்
கூடையில் ஒன்றை உடைத்துப் பார்ப்பதில்லையா?
யாரும் தன் சீட்டை உடைத்துப் பார்க்கலாம் என்று
அறிவித்திருந்தோமே.
உடைத்தது கணக்கில் வராது, புதிதாகப் போட வேண்டும்.
"பார்த்தேன்," என்றார். "ஏழு தடவை உடைச்சேன்."
ஏழும் சரியாக இருந்ததை
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு
வரி வரியாகப் படிக்கத் தொடங்கினார்.
வேலை முடித்து வந்தவர்கள் ஒவ்வொருவராக
திரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்து
தங்கள் வரியில் விரல் வைத்துப் போனார்கள்.
ஹாமிடாவின் குறியீட்டைக் காணோம்.
அறையில் பேச்சு நின்றது. என் வயிறு கலங்கியது.
அவர் எட்டை 'பி' என்று படித்திருந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு
குணசீலன் பேனா கேட்டார்.
முடிவை ஏற்கிறேன் என்ற இடத்தில்
அழுத்திக் கையெழுத்திட்டார்;
தாள் கொஞ்சம் கிழிந்தது.
வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை.
காலை ஐந்து இருபதுக்கு
முதல் பேருந்து அவருடையது.

பட்டியல் ஒரு வாரம் சுவரில் இருந்தது.
வந்தவர்கள் தங்கள் வரிக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்கள்.
சிலர் வரவே இல்லை.
கீழிருந்து நான்காவது வரி வெறுமையாகவே நின்றது.

யாருடையது என்று எனக்குத் தெரியாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான்
இத்தனை பாடு.